அட்லாண்டாவைச் சுற்றியுள்ள அருவிப் பாதைகளும் பழைய மில் இடிபாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அட்லாண்டாவின் வடக்குப் பக்கத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் காட்டுப் பாதைகளில் நடப்பது பழக்கம். நண்பர்களையும், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். தண்ணீர்ச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால், மரங்களுக்கு நடுவே கூரை இல்லாத ஒரு பெரிய செங்கல் கட்டடம் வந்து நிற்கும். அதைப் பார்த்தவுடன் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாய்மொழியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தெந்த இடங்களில் இப்படி இடிபாடுகளைப் பார்க்கலாம்?

நான் திரும்பத் திரும்பப் போவது மூன்று இடங்கள். முதலாவது, அட்லாண்டாவுக்கு மேற்கே லித்தியா ஸ்பிரிங்ஸ் ஊரில் உள்ள ஸ்வீட்வாட்டர் கிரீக் மாநிலப் பூங்கா. அங்கேதான் நியூ மான்செஸ்டர் பஞ்சாலையின் சுவர்கள் நிற்கின்றன. இரண்டாவது, ராஸ்வெல் ஊரின் விக்கெரி ஓடை. பிக் கிரீக் என்றும் அதைச் சொல்வார்கள். மூன்றாவது, மரியெட்டாவுக்குக் கிழக்கே சோப் கிரீக் ஓடைக்கரையில் இருக்கும் கருங்கல் கட்டடம். அது ஒரு காகித மில்.

தெற்கே சட்டஹூச்சி ஹில்ஸ் பக்கம் கோக்ரன் மில் பூங்கா என்று இன்னொன்று உண்டு. அது தானியம் அரைத்த மில் இருந்த இடம். அருவி அழகாக இருக்கும், கட்டடம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஸ்வீட்வாட்டருக்குப் போங்கள்.

இவ்வளவு பெரிய ஆலையை ஏன் நடுக்காட்டில் கட்டினார்கள்?

கட்டும்போது அது காடு இல்லை. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் வீடுகளும் கடையுமாக ஒரு சிற்றூர் இருந்தது. ஊர் போன பிறகு மரங்கள் வந்தன.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அருவி. நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரியும் பணமும் வேண்டும். மேலிருந்து கீழே விழும் தண்ணீர் சும்மா கிடைத்தது. வடக்கு ஜார்ஜியா மேடும் பள்ளமுமான பாறை நிலம். ஓடைகள் கொஞ்ச தூரம் சமமாக ஓடி, பிறகு பாறைப் படிகளில் சரசரவென்று இறங்கும். அப்படி இறங்குகிற இடங்களைத் தேடித்தான் மில் முதலாளிகள் வந்தார்கள். நியூ மான்செஸ்டர் இருந்த பகுதிக்கு ‘ஃபாக்டரி ஷோல்ஸ்’ என்றே பெயர். ஷோல்ஸ் என்றால் ஓடை பாறைகளின் மேல் நுரைத்து ஓடும் இடம்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். வினாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர், அதாவது 1,000 லிட்டர், 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறக்குறைய 49 கிலோவாட் சக்தி. குதிரைத்திறனில் சொன்னால் சுமார் 66. சக்கரத்திலும் பற்சக்கரங்களிலும் கொஞ்சம் வீணாகும். மீதியே தறிகளையும் நூற்புக் கருவிகளையும் ஓட்டப் போதும். அதனால், ‘அருவி பார்க்க வந்தோம், வழியில் இடிபாடு இருந்தது’ என்று யாராவது சொன்னால், இரண்டும் ஒன்றுதான் என்று நான் சொல்வேன். அந்த அருவியும் அந்த மில்லின் ஒரு பாகம். அதன் மோட்டார்.

ஒரு தண்ணீர்ச் சக்கரம் ஐந்து மாடியில் இருந்த இயந்திரங்களை எப்படி ஓட்டியது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நின்று பதில் சொல்வேன், ஏனென்றால் ஸ்வீட்வாட்டரில் பாதி விடை கண் முன்னாலேயே இருக்கிறது.

ஓடைக்குப் பக்கத்தில், கரையோடு ஒட்டி, ஒரு நீண்ட பள்ளம் வருவதைப் பார்ப்பீர்கள். இலைச்சருகு நிரம்பிக் கிடக்கும். பலர் அதை வெறும் குழி என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அதுதான் மில் வாய்க்கால். ஓடையின் மேல்பகுதியில் அணை கட்டி, தண்ணீரைத் திருப்பி, இந்த வாய்க்காலில் விட்டார்கள். ஓடை தன் போக்கில் கீழே இறங்கிக்கொண்டே போகும். வாய்க்காலோ கிட்டத்தட்ட சமமட்டமாகவே வரும். மில்லை அடையும்போது வாய்க்கால் உயரத்தில், ஓடை பள்ளத்தில். அந்த உயர வித்தியாசத்தில் தண்ணீர் சக்கரத்தின் மேல் கொட்டும்.

சக்கரத்தின் அச்சிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக மாடிகளுக்கு விசை ஏறும். ஒவ்வொரு மாடியின் கூரைக்குக் கீழும் ஒரு நீண்ட ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த ஷாஃப்டில் புல்லிகள், புல்லியிலிருந்து தோல் பெல்ட் கீழே இறங்கி ஒவ்வொரு இயந்திரத்தையும் சுற்றும். பெல்ட்டை நகர்த்தினால் அந்த இயந்திரம் மட்டும் நிற்கும். ஷாஃப்ட் நீள நீள உராய்வில் விசை வீணாகும் என்பதால்தான் கட்டடத்தை நீளமாகப் பரப்பாமல் மாடி மேல் மாடியாக உயர்த்தினார்கள். பஞ்சு சிக்கெடுத்துச் சீவப்பட்டு (கார்டிங்), நூலாகி, தறிக்குப் போகும் வரை எல்லாம் ஒரே கட்டடத்துக்குள்.

சுவரின் உள்பக்கம் வரிசை வரிசையாகச் சதுரக் குழிகள் தெரியும். உத்தரங்கள் உட்கார்ந்திருந்த இடம் அவை. வரிசைகளை எண்ணினால் மாடிகளை எண்ணிவிடலாம். குழந்தைகளை எண்ணச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு அந்த இடத்தை விட்டு வர மனம் வராது.

நியூ மான்செஸ்டர் என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

1849இல் ஆலை ஓடத் தொடங்கியபோது அதன் பெயர் ஸ்வீட்வாட்டர் மானுஃபாக்சரிங் கம்பெனி. முன்னாள் ஜார்ஜியா ஆளுநர் சார்லஸ் மெக்டொனால்டு அதன் பங்குதாரர்களில் ஒருவர். 1857இல் இங்கிலாந்தின் பஞ்சாலை நகரமான மான்செஸ்டரை மனதில் வைத்து ‘நியூ மான்செஸ்டர்’ என்று பெயரை மாற்றினார்கள். நூலும், ஆஸ்னபர்க் என்ற முரட்டுப் பருத்தித் துணியும் இங்கே நெய்யப்பட்டன.

நான் கோயம்புத்தூர்க்காரன். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பள்ளிக்கூடத்தில் எழுதி எழுதி வளர்ந்தவன். முதல் முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மில் எப்படி எரிந்தது? விபத்தா?

விபத்து இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஜார்ஜியா இருந்த தெற்குப் பக்கத்தை எதிர்த்த வடக்குப் படை எரித்தது.

1864 கோடையில் ஜெனரல் வில்லியம் ஷெர்மனின் படை அட்லாண்டாவைப் பிடிக்கத் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் இருந்த ஆலைகள் தெற்குப் படைக்குத் துணியும் காகிதமும் கொடுத்துவந்தன. ஆகவே ஆலைகளும் போரின் இலக்கு ஆயின. ஜூலை முதல் வாரத்தில் ஜெனரல் கென்னர் கரார்டின் குதிரைப்படை ராஸ்வெல் ஆலைகளைக் கொளுத்தியது. சோப் கிரீக் காகித மில்லும் அதே ஜூலையில் எரிந்தது. ஜூலை 9 அன்று நியூ மான்செஸ்டர். அட்லாண்டா செப்டம்பர் 2 அன்று வீழ்ந்தது.

ராஸ்வெல்லிலும் சோப் கிரீக்கிலும் போருக்குப் பிறகு ஆலைகளைத் திரும்பக் கட்டினார்கள். ராஸ்வெல்லில் 1970கள் வரை துணி உற்பத்தி நடந்தது. நியூ மான்செஸ்டரை யாரும் திரும்பக் கட்டவில்லை. அதனால்தான் அங்கே நாம் பார்ப்பது 1864இல் நின்றுபோன ஒரு கட்டடம்.

அங்கே வேலை செய்தவர்கள் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் நானே எடுத்துச் சொல்லிவிடுவேன்.

போருக்கு ஆண்கள் போய்விட்டதால் ஆலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். ராஸ்வெல்லில் மட்டும் 400 பெண்கள் வேலையில் இருந்ததாகக் கரார்ட் தன் மேலதிகாரிக்கு எழுதினார். பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை வேலை. பஞ்சுத் தூசி பறக்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அறுந்த நூலை முடிந்துகொண்டு ஓடுவார்கள்.

ஷெர்மன் அனுப்பிய உத்தரவு, ஆலையோடு தொடர்புள்ள எல்லோரையும், ஆண் பெண் பாராமல், தேசத்துரோகக் குற்றத்தில் பிடித்து மரியெட்டாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது. அங்கிருந்து ரயிலில் வடக்கே அனுப்பப்போவதாகவும் அவர் எழுதினார். எத்தனை கூக்குரல் எழுந்தாலும் பொருட்படுத்த வேண்டாம் என்றும் அதில் இருந்தது. ராஸ்வெல் பெண்களும் நியூ மான்செஸ்டர் பெண்களும் பிள்ளைகளோடு மரியெட்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கிருந்து ரயிலில் டென்னசி வழியாகக் கென்டக்கியின் லூயிவில் வரை போனார்கள். பலரை ஓஹயோ ஆற்றைக் கடந்து இந்தியானாவில் இறக்கிவிட்டார்கள். கையில் காசு இல்லை, தெரிந்த முகம் இல்லை. போர்முனையில் இருந்த கணவனுக்கும் அப்பாவுக்கும் இவர்கள் எங்கே என்று தெரியாது. சிலர் பின்னால் ஊர் திரும்பினார்கள். பலர் போன இடத்திலேயே வேலை தேடிக்கொண்டு, திருமணம் செய்துகொண்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். நிறையப் பேருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ராஸ்வெல்லின் ஓல்டு மில் பார்க்கில் அவர்களுக்காக 2000ஆம் ஆண்டு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். உச்சி உடைந்த ஒற்றைத் தூண். அருவியைப் பார்க்கப் போகும் கூட்டம் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது.

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) கோவையில் சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தார். விடியற்காலை சங்கு ஊதுவதற்கு முன்னால் எழுந்து, சோற்றுப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். திரும்பி வரும்போது முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்தச் சுவருக்குள் வேலை பார்த்த பெண்களை நினைக்கும்போது எனக்கு அம்மாயியின் தலைமுடிதான் ஞாபகம் வருகிறது. மில்லைப் பற்றி யார் பேசினாலும், யார் முதலாளி என்று கேட்பதற்கு முன்னால், யார் வேலை செய்தார்கள் என்று கேட்கிற பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

ராஸ்வெல்லில் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கம்பளித் துணி ஆலையைக் கவனித்துவந்த தியோஃபில் ரோஷ் பிரெஞ்சுக்காரர். இது நடுநிலை நாட்டுக்காரன் சொத்து, தொடக்கூடாது என்று காட்ட ஆலை மேல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். எதிரிக்குத் துணி நெய்துகொண்டே நடுநிலை என்கிறார்களே என்று ஷெர்மனுக்குக் கடும் கோபம். அந்த ஆளைத் தூக்கில் போட்டாலும் அதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன் என்ற அளவுக்கு எழுதினார். தூக்கில் போடவில்லை. ஆலை எரிந்தது.

பெண் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தப் பஞ்சை விளைவித்தது யார்?

கறுப்பின அடிமைகள். இதைச் சொல்லாமல் இந்த இடங்களைப் பற்றிப் பேசுவது சரியாகாது. ஆலைக்குள் கூலிக்கு வேலை செய்தவர்கள் ஏழை வெள்ளையர்கள். ஆனால் வந்திறங்கிய பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் கூலி இல்லாத உழைப்பு இருந்தது. ராஸ்வெல்லை நிறுவிய கிங் குடும்பமும் அவர்களோடு வந்த பணக்காரக் குடும்பங்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். ஊருக்குள் இன்று மியூசியமாக இருக்கும் புல்லக் ஹால் மாளிகையும் அப்படி ஒரு குடும்பத்துடையது. தியோடர் ரூஸ்வெல்ட் அதிபரின் அம்மா வளர்ந்த வீடு அது.

இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போனால், இந்த நிலம் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களுடையது. 1832இல் ஜார்ஜியா அரசு அவர்கள் நிலத்தை லாட்டரி குலுக்கி வெள்ளையர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 1838இல் ராணுவத்தைக் கொண்டு அவர்களை மேற்கே விரட்டினார்கள். போகும் வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தப் பயணத்துக்குக் கண்ணீர்ப் பாதை என்று பெயர். ராஸ்வெல்லின் முதல் பஞ்சாலை 1839இல் வந்தது. இந்த இரண்டு வருடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே உண்டு. 1861இல் போர் தொடங்கியதும் வடக்குக் கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களை மறித்தன. அமெரிக்கப் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வட்டாரத்து ஆலைகள் நின்றன. லட்சக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த இடத்தை நிரப்ப இந்தியப் பஞ்சுக்குக் கிராக்கி ஏறியது. பம்பாயிலிருந்து போனது போலவே தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்தும் திருநெல்வேலிக் கரிசல் பருத்தி கப்பலேறியது. வெளிச்சந்தையில் அதற்கு ‘டின்னவெல்லி’ என்றே பெயர். 1865இல் போர் முடிந்ததும் விலை தலைகுப்புற விழுந்தது. ஸ்வீட்வாட்டர் ஓடைக்கரையில் தறிகள் எரிந்த அதே காலத்தில்தான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சம்சாரி நல்ல விலை என்று நம்பிப் பருத்தி போட்டிருப்பார்.

அருவியில் ஓடிய மில் நமக்கும் இருந்தது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், பஞ்சாலை வைத்தார்கள். தாமிரபரணி மலையிலிருந்து இறங்கும் வேகத்தை வைத்தே இயந்திரங்களை ஓட்டினார்கள். கோவையின் கதையும் தண்ணீரில்தான் முடிகிறது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகுதான் எங்கள் ஊரில் மில்கள் மளமளவென்று பெருகின. சக்கரத்துக்குப் பதில் டர்பைன், பெல்ட்டுக்குப் பதில் மின்கம்பி. விழும் தண்ணீர் அதேதான்.

ராஸ்வெல்லில் தெரிவது இயற்கை அருவியா?

இல்லை. அது மில்லுக்காகக் கட்டிய அணையின் மேல் தண்ணீர் வழிந்து விழுவது. சுமார் 30 அடி உயரம். ஏமாற வேண்டாம், ஆனால் அழகு குறைவில்லை. ஒரே சீராக விரித்த வெள்ளைப் பாவு போல இறங்கும். பக்கத்தில் 1853இல் கட்டிய மெஷின் ஷாப் கட்டடம் முழுசாக நிற்கிறது. மூடிய மரப்பாலத்தைக் கடந்தால் மறுகரையில் காட்டுப் பாதைகள்.

பலகையே இல்லாத இடத்தில், ‘இங்கே ஒரு மில் இருந்தது’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் சுவரைத் தேடாதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். ஓடை எங்கே சட்டென்று இறங்குகிறது? அதற்குக் கொஞ்சம் மேலே, இரண்டு கரையிலும் கல் அடுக்கு ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அது அணையின் தோள்பட்டையாக இருக்கலாம். அங்கிருந்து கரையோடு ஒரு வாய்க்கால் பள்ளம் கிளம்புகிறதா என்று பாருங்கள். இயற்கையான நீரோட்டம் வளைந்து நெளிந்து கீழே இறங்கும். மனிதன் வெட்டியது மட்டம் மாறாமல் சரிவின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும். ஒரு முறை கண் பழகிவிட்டால் பிறகு தப்பவே தப்பாது.

அடுத்தது கல். பாறையின் விளிம்பில் விரல் அளவில் அரைக்குழாய் போன்ற பள்ளங்கள் வரிசையாக இருந்தால், யாரோ துளை போட்டு அந்தப் பாறையைப் பிளந்திருக்கிறார்கள். ஓடைப் பாறையில் வட்டமான துளையோ, அதில் துருப்பிடித்த இரும்புக் கம்பியோ இருந்தால், மரச்சட்டங்களை முளையடித்து நிறுத்திய இடம். மாவு மில் என்றால் எந்திரக்கல் கிடைக்கலாம். நம் வீட்டு எந்திரக்கல்லைப் போலவே அதிலும் கொத்திய கோடுகள் இருக்கும், அளவுதான் பெரிது.

அப்புறம் செடிகள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பூங்காவில் வழிகாட்டியாக வந்த ஒரு பெரியவர். நடுக்காட்டில், பிப்ரவரியில், மஞ்சள் டஃபோடில் பூக்கள் ஒரே வரிசையில் பூத்திருந்தால் அது தானாக முளைத்தது இல்லை. யாரோ ஒரு பெண் தன் வீட்டு வாசலில் கிழங்கு ஊன்றியிருக்கிறாள். வீடு போய், ஊர் போய், கிழங்கு மட்டும் வருடா வருடம் பூத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் கல் குவியல் இருந்தால் அது புகைபோக்கியின் அடியாக இருக்கும்.

ஒரு செங்கல் துண்டு, துருப்பிடித்த ஆணி இப்படி நினைவுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. ராஸ்வெல் ஓடையின் பெரும்பகுதியும் சோப் கிரீக்கும் தேசியப் பூங்காத் துறையின் நிலம். அங்கே பழம்பொருளை எடுப்பது கூட்டாட்சிக் குற்றம். மெட்டல் டிடெக்டரைக் கொண்டுபோவதே தவறு. மாநிலப் பூங்காவிலும் தடை. சட்டத்தை விடுங்கள். ஓர் ஆணி எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அங்கே கதவு இருந்ததா, தறி இருந்ததா என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் துரு. படம் எடுத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கட்டடத்துக்குள் போகலாமா? சுவரில் ஏறலாமா?

நியூ மான்செஸ்டரைச் சுற்றி வேலி இருக்கிறது. பூங்கா ரேஞ்சர்கள் அழைத்துப் போகும் நாட்களில் மட்டும் உள்ளே போகலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், வெளியிலிருந்து பார்ப்பதற்கும் உள்ளே நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சுவரில் ஏறவே ஏறாதீர்கள். சோப் கிரீக்கில் வேலி இல்லை என்பதால் இளவட்டங்கள் ஏறுவதைப் பார்க்கிறேன். அந்தக் காலத்து மாடிக் கட்டடத்தில் சுவரும் தளமும் ஒன்றையொன்று பிடித்து நின்றன. மரத்தளம் எரிந்த பிறகு சுவர் தனியாக நிற்கிறது. மேலே கூரை இல்லாததால் மழைத்தண்ணீர் நேரே சுவருக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கலவையைக் கரைக்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், கல் நெகிழும். வேர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். உறுதியாகத் தெரியும் கல் உங்கள் கையோடு வந்துவிடலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவால் நடக்க முடியுமா?

ஸ்வீட்வாட்டரில் பார்வையாளர் மையத்திலிருந்து சிவப்புப் பாதையில் மில் வரை சுமார் அரை மைல்தான். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு அந்த ஏற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மில்லைத் தாண்டி அருவியைப் பார்க்கும் மேடை வரை இன்னொரு அரை மைல். அந்தப் பகுதி பாறையும் வேருமாக இருக்கும், படிகளும் உண்டு. என் அம்மா வந்தபோது மில்லோடு நிறுத்திக்கொண்டு, ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அதுவே அவருக்கு நிறைவாக இருந்தது.

ராஸ்வெல்லில் ஓல்டு மில் பார்க் பக்கத்திலிருந்து போனால் அணைக்குக் கொஞ்ச தூரம்தான். வயதானவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போடச் சொல்லுங்கள். புடவைக்கு ஷூவா என்று தயங்குவார்கள். வற்புறுத்துங்கள். வண்டி நிறுத்த மாநிலப் பூங்காவிலும் தேசியப் பூங்காப் பகுதியிலும் நான் கடைசியாகப் போனபோது 5 டாலர் வாங்கினார்கள்.

பாம்பு இருக்குமா?

இருக்கும். காப்பர்ஹெட் என்ற செம்புநிற விஷப்பாம்பு சருகு நிறத்திலேயே கிடக்கும். வெயில் காயும் கல் சுவர்தான் அதற்குப் பிடித்த இடம். கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் கை வைக்காதீர்கள், அவ்வளவுதான். அதைவிட அதிகம் தொந்தரவு தருவது உண்ணியும், தொட்டால் தோல் அரிக்கும் பாய்சன் ஐவி கொடியும். மூன்று மூன்று இலையாக இருக்கும் கொடியைத் தொடாதீர்கள். இடிபாட்டுச் சுவர்களில் அது படர்ந்து கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் காதுக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

குளிக்கலாமா?

குற்றாலத்தையும் கோவைக் குற்றாலத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு அருவி என்றால் தலையைக் கொடுக்கத் தோன்றும். ஸ்வீட்வாட்டர் ஓடையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை. காரணம் இருக்கிறது. மில் சக்கரத்தைச் சுழற்றிய அதே விசை அங்கே இன்னும் இருக்கிறது. மழைக்குப் பிறகு நீர்மட்டம் வேகமாக ஏறும். 2009 செப்டம்பர் வெள்ளத்தில் இதே ஓடை ஆஸ்டெல் ஊருக்குள் புகுந்து நூற்றுக்கணக்கான வீடுகளை மூழ்கடித்தது. ராஸ்வெல் அணைக்கு அடியிலும் இறங்காதீர்கள், பாசிப் பாறை காலை வாரிவிடும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

இலையுதிர் காலத்து நிறங்களுக்காக அக்டோபர், நவம்பரில் எல்லோரும் வருவார்கள். வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே கஷ்டம். இடிபாடுகளைப் பார்க்க வேண்டும் என்றால் நான் ஜனவரி, பிப்ரவரியைச் சொல்வேன். இலை முழுதும் உதிர்ந்திருக்கும். கோடையில் பச்சைக்குள் ஒளிந்திருக்கும் வாய்க்கால், அணைக் கல், வீட்டு அடித்தளம் எல்லாம் அப்போது வெட்டவெளிச்சமாகத் தெரியும். மழையும் இருப்பதால் ஓடை நிறைந்து ஓடும். காலை எட்டு மணிக்குள் போய்விட்டால் வெயில் கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து, கண்ணாடி இல்லாத ஜன்னல்கள் வழியாக மறுபக்கச் சுவரில் விழும். பிப்ரவரி கடைசியில் போனால் பாதை ஓரங்களில் கண்ணை வைத்துக்கொண்டே நடங்கள், அந்த மஞ்சள் பூக்கள் எங்காவது வரிசையாக நிற்கும்.